பத்து விரலுக்கு வந்த தடை

பிறக்கும்போது யாரும் எதையும் கொண்டுவரவில்லை என்பார்கள். பத்து விரலைக் கொண்டுவந்தோமே, அது சாமி கொடுத்தனுப்பியதுதானே? அதை மறந்துபோன ஒரு ராஜாவின் கதை இது.

அல்லியூரைத் தென்னவராயன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர். கோயிலுக்குப் போய்வராமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆனால் யாராவது குரலை உயர்த்திச் சொல்லிவிட்டால் அப்படியே நம்பிவிடுவார். அவருக்கு ஒரே மகள், முத்துவடிவு. ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. விஜயதசமிக்கு எழுத்தறிவித்து, கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சாம்பமூர்த்திப் பண்டிதரை அமர்த்தினார்கள்.

பண்டிதர் பெரிய படிப்பாளி. கோபுரத்தின் நிழலைப் பார்த்தே அதன் உயரத்தைச் சொல்லிவிடுவார். சின்னக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் தெரியாது.

"இரண்டும் மூன்றும் எத்தனை?" என்று கேட்பார்.

முத்துவடிவு ஒரு கையில் இரண்டு விரலை நீட்டுவாள். மறு கையில் மூன்றை நீட்டுவாள். ஒவ்வொன்றாக மூக்கில் தொட்டு எண்ணி, "அஞ்சு" என்பாள்.

"விடை சரி. விரல் தப்பு. கையைப் பின்னால் கட்டு," என்பார் பண்டிதர்.

கையைக் கட்டினால் விடை வராது. அழுகைதான் வரும்.

ஒருநாள் பண்டிதர் சபையிலேயே சொல்லிவிட்டார். "பிரபு, இளவரசிக்கு விரல் இல்லாமல் கணக்கு இல்லை. இது மந்தபுத்திக்கு அடையாளம். மலையூரில் இருக்கும் என் பாடசாலைக்கு அனுப்பிவையுங்கள். இரண்டு வருஷம் யாரும் வந்து பார்க்கக் கூடாது. விரலை மறக்கடித்துக் கூட்டிவருகிறேன்."

ராஜாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. "நாளைக்குச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து விரலை மடக்கினால் ஊர் சிரிக்காதா? நான் என்றைக்காவது மடக்கியிருக்கிறேனா? வெள்ளிக்கிழமை பல்லக்கு கிளம்பட்டும்."

அந்தப்புரத்தில் ராணி, மகளின் சின்னப் பாவாடைகளை மடித்து வைப்பதும், கண்ணைத் துடைப்பதும், மறுபடி பிரித்து மடிப்பதுமாக இருந்தாள். கடைசியில் மாசிலாமணியைக் கூப்பிட்டு அனுப்பினாள். மாசிலாமணி அந்தச் சபையில் சமயோசிதத்துக்குப் பேர் போனவர்.

"அண்ணா, ராத்திரி தூக்கத்தில்கூட என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற குழந்தை. உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்."

"அழாதீர்கள் தாயே. வெள்ளிக்கிழமைக்குள் வெளியூரிலிருந்து ஒரு தூதர் வருவார். எல்லாம் சரியாகிவிடும்."

"எந்த ஊர்த் தூதர்?"

"அதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை."

மறுநாள் காலை சபை கூடியதும் மாசிலாமணி எழுந்தார்.

"மகாராஜா, கடல் தாண்டி ஒரு தீவு. அங்கேயிருந்து தூதர் வருகிறார். அவர்கள் ஊரில் ஒன்று, இரண்டு எல்லாம் கிடையாது. கொக்கு, தவளை, நண்டு, ஆமை, மயில், முயல், குரங்கு, கரடி, யானை, திமிங்கலம். ஒன்றிலிருந்து பத்துவரை இதுதான் கணக்கு."

"என்னய்யா இது, காட்டையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்?"

"தூதர் முன்னால் தடுமாறக் கூடாதே. கொஞ்சம் பழகிக்கொள்வோம்."

ராஜா நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். "இது ஒரு வித்தையா?" என்று பண்டிதரும் கண்ணை மூடி மனப்பாடம் செய்தார். சிம்மாசனப் படியில் உட்கார்ந்திருந்த முத்துவடிவு அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றார் மாசிலாமணி. "தூதர் நண்டு மாம்பழம் தருகிறார். அவர் மனைவி ஆமை மாம்பழம் தருகிறாள். ஆக மொத்தம் எத்தனை? தீவுக் கணக்கிலேயே சொல்ல வேண்டும்."

ராஜா மேற்கூரையைப் பார்த்தார். வலது கையில் செங்கோல். இடது கை மெதுவாகச் சால்வைக்குள் போயிற்று. பண்டிதரின் இரண்டு கையும் எப்போதோ அங்கவஸ்திரத்துக்குள் போய்விட்டன. உள்ளே சுண்டெலி புகுந்த மாதிரி துணி துள்ளியது.

முத்துவடிவு பார்த்துவிட்டாள். "பண்டிதர் மாமா, துணிக்குள்ளே என்ன ஆடுது?"

"ஒன்றுமில்லையம்மா. அரிப்பு."

"அப்பாவுக்கும் அரிக்குதே."

ராஜா சட்டென்று கையை வெளியே எடுத்தார்.

"நீ சொல்லு கண்ணு," என்றார் மாசிலாமணி.

குழந்தை பண்டிதரைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பயப்படாதே. பண்டிதர் தடை போட்டது நம் ஊர்க் கணக்குக்கு. இது தீவுக் கணக்கு."

அவ்வளவுதான். ஒரு கையில் மூன்று விரல், மறு கையில் நான்கு. ஒவ்வொன்றாக மூக்கைத் தொட்டது. "கொக்கு, தவளை, நண்டு, ஆமை, மயில், முயல், குரங்கு. குரங்கு மாம்பழம், மாமா."

ராஜா பண்டிதரைத் திரும்பிப் பார்த்தார். "சரிதானா?"

"நான் இன்னும் முயலிலேயே நிற்கிறேன், பிரபு."

மாசிலாமணி கைகூப்பினார். "மகாராஜா, புது எண் வந்து ஒரு நாழிகை ஆகவில்லை. அதற்குள் பெரியவர்கள் எல்லாரும் விரலைத் தேடிவிட்டோம். குழந்தைக்கு ஒன்றும் இரண்டுமே புதுத் தீவுதான். இப்போதுதான் கரையில் இறங்கியிருக்கிறாள். விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும். கால் பழகினால் அவளே விட்டுவிடுவாள்."

ராஜா செங்கோலை விடாமல் இடது கையால் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "பல்லக்கை நிறுத்துங்கள். பண்டிதரே, இனி அவள் கையைக் கட்டச் சொல்லாதீர். அது சரி மாசிலாமணி, அந்தத் தூதர் எப்போது வருகிறார்?"

"வந்து, வேலையை முடித்துக்கொண்டு, போய்விட்டார் மகாராஜா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பண்டிதருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரைக்குப் பின்னால் ராணி, குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்துகொண்டாள்.

"உமக்கு என்ன பரிசு வேண்டும்? கேளும்," என்றார் ராஜா.

"நம் தோட்டத்து மாம்பழம் போதும் மகாராஜா. யானை மாம்பழம்."

"இவ்வளவுதானா? இதோ," என்ற ராஜா பாதியில் நின்றார். உதடு அசைந்தது. இந்தத் தடவை சால்வைக்குள் ஒளிக்காமல் எல்லார் முன்னாலும் இடது கை விரலை மடக்கினார். கொக்கு, தவளை, நண்டு, ஆமை, மயில். அதற்கு மேல் விரல் இல்லை. விழித்தார்.

மடியில் இருந்த முத்துவடிவு அவர் காதோடு சொன்னாள்.

"அந்தக் கோலைக் கீழே வையுங்கப்பா. ஒரு கை பத்தாது."