சக்கரவர்த்தி பிடித்த காது

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகிற பாதையில் ஒரு சின்ன மடம் இருந்தது. மாசிலாமணி சாமி அதில் இருந்தார். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய ஒரே சீடருக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. போதாததற்கு அவர் வெள்ளைக்காரர்.

எத்தியேன் என்று பெயர். ஊர் வாயில் அது எத்திராசு ஆகிவிட்டது. புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது ஒரு கப்பலில் காவலாளாக வந்தவர். ஒரு கோடையில் மடத்து வாசலில் மோர் வாங்கிக் குடிக்க நின்றார், அப்படியே தங்கிவிட்டார். வயதுக்கு மரியாதை கொடுத்துச் சாமி முதலில் "நீங்க" என்றுதான் கூப்பிட்டார். எத்திராசுதான் வேண்டாம் என்றார். பட்டாளத்தில் தன்னை அதட்டியவர்கள் எல்லாருமே தன்னைவிடச் சின்னவர்கள், அதுவே பழகிப்போய்விட்டது என்றார்.

அவருக்கு ஒரு காதுதான். வலது காது இருந்த இடத்தில் ஒரு தழும்பு மட்டும் இருந்தது. மிச்சமிருந்த இடது காதை யாரும் தொடக்கூடாது. தெரியாமல் தொட்ட நாவிதர் ஒருவர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடியதாக ஊரில் பேச்சு.

மடத்துக்குள் நுழைகிறவர்கள் வாசல் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுவிட்டுத்தான் போவார்கள். எத்திராசு போடமாட்டார். குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்று ஒரு சலாம் வைப்பார். பிள்ளையாருக்கு அப்படி ஒரு மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு எப்படித் தோப்புக்கரணம் போடுவது என்பது அவர் சொன்ன சாக்கு. சாமியும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அந்தக் காதின் கதை ஊருக்கே தெரியும். ராஜாவே வேண்டாம் என்று ராஜாவின் தலையை எடுத்த பிரெஞ்சு ஜனங்கள், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் ராஜாவைவிடப் பெரியவராக ஒரு சக்கரவர்த்தியைத் தேடிப் பிடித்துக்கொண்டார்கள் அல்லவா, அவர் பிடித்த காது அது. ஒரு சண்டைக்கு முந்தின சாயங்காலம், படைவீரர்கள் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்த இடத்துக்கு அவர் நடந்து வந்தார். எத்தியேனின் கஞ்சியை ஒரு வாய் குடித்தார். உப்புப் போதவில்லை என்று சொல்லி, இடது காதைப் பிடித்து இழுத்துவிட்டுப் போனார். தனக்குப் பிடித்த ஆளிடம் மட்டும்தான் அவர் அப்படிச் செய்வாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மார்சேல், அன்று பூராவும் அண்ணன் காதையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எத்திராசின் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிடும். ஆனால் தம்பி பெயர் வந்ததும் கதையை நிறுத்திவிடுவார்.

ஒருநாள் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. கடற்கரையில் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பழைய ராஜ வம்சத்தின் கொடி மறுபடி பறக்கிற காலம், வாய்விட்டு அழ யாருக்கும் துணிச்சலில்லை.

நடுப்பகலில் எத்திராசு மடத்துக்கு வந்தார். சாமி பிள்ளையார் மேல் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை அரப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எத்திராசு இன்று சலாம் வைக்கவில்லை.

"செத்துட்டாராம், சாமி. சிறை வெச்ச அந்தத் தீவுலயே."

சாமி யார் என்று கேட்கவில்லை. தேய்ப்பதையும் நிறுத்தவில்லை.

"நான் அவருக்காக அழலாமா?"

"யாரு தடுக்கிறா?"

"மார்சேல் தடுக்கிறான்."

அதுவரை சொல்லாத மிச்சக் கதையை அன்றுதான் சொன்னார். வடக்கே பனி தேசத்துக்குப் படை போனது, அங்கிருந்த பழைய தலைநகரத்தைப் பிடித்தது, அது எரிந்துபோகப் பசியோடு திரும்பி நடந்தது. எத்தியேனிடம் ஒரு கம்பளித் துண்டு இருந்தது. இரண்டு காதுக்கும் சேர்த்துக் கட்ட நீளம் போதாது. சக்கரவர்த்தி தொட்ட காதை மூடிக் கட்டினார், மற்றது கருகி விழுந்தது. மார்சேலால் நடக்க முடியவில்லை. சக்கரவர்த்தி பின்னாலே வருவார், ரொட்டி கொண்டுவருவார் என்று சொல்லி வழியோரம் உட்கார்ந்தான். அண்ணன் இழுத்தும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே விறைத்துப்போனான். சக்கரவர்த்தியோ படையை அங்கேயே விட்டுவிட்டுச் சறுக்குவண்டி ஏறித் தன் தலைநகரத்துக்குப் போய்விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"அவரைப் புடிச்சு முதல்ல ஒரு சின்னத் தீவுல வெச்சாங்க. அங்கேருந்து தப்பிச்சு வந்தார் சாமி. வந்துட்டார்னு கேட்டதுமே ஓடினேன். மார்சேலை விட்டுட்டுப் போனவர்கிட்டயே திரும்ப ஓடினேன். அந்தக் கடைசிச் சண்டையிலயும் அவருக்காகத்தான் நின்னேன். இப்போ அழுதா தம்பிக்குத் துரோகம். அழாம இருக்கவும் முடியலை."

சாமி ஒரு சொம்புத் தண்ணீரைப் பிள்ளையார் தலையில் ஊற்றினார்.

"பனியில செத்தவங்களைப் பத்தி அவர் என்ன சொன்னார்?"

"குளிர் அதிகம்னார்."

"என் தப்புன்னு சொல்லலையா?"

எத்திராசு யோசித்துப் பார்த்தார். ஒருமுறைகூடச் சொல்லிக் கேட்டதில்லை என்றார்.

"எத்தனையோ பேர் காதைப் புடிச்சவராச்சே. தன் காதை எப்பவாவது புடிச்சாரா?"

"இல்லை சாமி. கிரீடத்தைக்கூட எங்க மதகுரு கையால வெச்சுக்கலை. தானே எடுத்துத் தன் தலையில வெச்சுக்கிட்டார். அந்தக் கை காதுக்கு இறங்கினதே இல்லை."

சாமி எழுந்து கையைக் கழுவிக்கொண்டார்.

"செத்தவங்களுக்கு ஆக வேண்டியதை இருக்கிறவங்க செய்யறது எங்க வழக்கம். அவர் போடாத தோப்புக்கரணத்தை நீ போடு."

எத்திராசு திடுக்கிட்டுப் பார்த்தார். தோப்புக்கரணம் தப்புச் செய்தவன் போடுவது என்று அவருக்குத் தெரியும். சக்கரவர்த்தி பேரில் தான் போட்டால், அவர் தப்புச் செய்தார் என்று தானே ஒப்புக்கொண்டதாகாதா?

"எனக்கு அவர்மேல பிரியம், சாமி."

"அதனாலதான் உன்கிட்டச் சொல்றேன்."

"எத்தனை போடணும்?"

"மார்சேலைக் கேட்டுக்கோ."

எத்திராசு பிள்ளையார் முன்னால் வந்து நின்றார். அரப்புத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் இடது காதருகில் நிறுத்தினார். அதைத் தொட அவருக்கே மனம் வரவில்லை, பாவம். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். பிடித்த உடனேயே கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. யாருக்காக வந்தது என்று கேட்டிருந்தால் அவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

அடுத்தது இடது கை. அது குறுக்கே போய் வலது பக்கத் தழும்பைத் தடவியது. பிடிக்க எதுவும் அகப்படாமல் கீழே நழுவியது. மறுபடி போய் மறுபடி நழுவியது. இத்தனை வருஷம் சாக்காகச் சொல்லிவந்தது இன்று நிஜமாகவே வழியை மறித்தது.

"முடியலை, சாமி. இந்தப் பக்கம் ஒண்ணுமில்லை."

சாமி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். எத்திராசின் வலது பக்கத்தில் தோளோடு தோள் சேர்ந்து நின்றார். குனிந்து, தன் இடது காதை அந்தக் கைக்கு எட்டுகிற மாதிரி நீட்டினார்.

எத்திராசு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"குரு காதைப் புடிக்கலாமா, சாமி?"

"புடிக்கலாம். இழுக்காம புடி."