மோதிர விரல் நீண்ட கை

இருட்டில் டொக் டொக்கென்று ஒரு சத்தம்.

ஜெசிந்தா எழுந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன் ரெஜிஸ் கை ஓங்குவதற்கு முன்னால் மேசையில் இப்படித்தான் விரலால் தட்டுவான். ஆனால் அவன் கடலுக்குப் போய் இரண்டு நாள் ஆயிற்று.

விளக்கைப் போட்டாள்.

பதினோரு மாதப் பிள்ளை இனிகோ, பாயில் உட்கார்ந்து பால்மாவு டப்பாவில் அதேபோல் விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் பின்னால் இருந்த குடிலுக்கு ஓடினாள். மதர் ரொசாலியா அங்கே தனியாக இருந்து செபமாலை கோக்கிறவர். இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அவரிடம் தியானம் பழகுகிறாள் ஜெசிந்தா.

“இன்னைக்குச் சனிக்கிழமை இல்லையே.”

“இவன் கையைப் பாருங்க மதர்.”

பார்த்தார். ஆள்காட்டி விரலைவிட மோதிர விரல் ஒரு நெல்மணி நீளம்.

“இது இவங்க அப்பா கை. தாத்தா கை. பெரியப்பா கை. என் மாமியாருக்கு அதுல பெருமை வேற. எங்க வீட்டு ஆம்பிளைக கை, ஒரு அறை விட்டா மறு அறை தேவைப்படாதுன்னு ஊரெல்லாம் சொல்லுதாங்க.”

“உனக்கு ஒண்ணு பத்தலைபோல.”

ஜெசிந்தா முந்தானையை இழுத்துக் கன்னத்தை மறைத்தாள்.

“குளிப்பாட்டும்போது எண்ணெய் போட்டு இவன் ஆள்காட்டி விரலை மட்டும் தினமும் பத்துத் தடவை இழுத்துவிடுறேன் மதர். மூக்கை நீவிவிட்டா எடுப்பா வருமில்ல, அது மாதிரி.”

“வளர்ந்துச்சா?”

“அழுறான்.”

மதர் தம் வலது கையைப் பிள்ளையின் கைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.

பெரிது ஒன்று, சிறிது ஒன்று. மற்றபடி ஒரே கை.

“எங்கப்பா கை,” என்றார்.

ஜெசிந்தா இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க யாரையாவது…”

“ஒரு தடவை. கான்வென்ட்ல பாடம் எடுக்கும்போது, ஏழாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணை. வீட்டுப்பாடம் எழுதலைன்னு.”

“ஒரு தடவைதானே மதர்.”

“அவ பேரு தெக்லா. இன்னைக்கும் நான் கோக்கிற முதல் மணி அவளுக்குத்தான்.”

இனிகோ ஒரு மணியை எடுத்து வாயில் போட்டான். ஜெசிந்தா விரலை விட்டு வெளியே எடுத்தாள்.

மதர் ஜெசிந்தாவின் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

“இது யார் கை?”

“எங்கம்மா கை. ஆள்காட்டி விரல்தான் நீளம். அச்சு அசல் அவங்களேதான்.”

“ராத்திரியில அந்தக் கை என்ன செய்யும்?”

“சோத்தை மூடி வைக்கும். கதவைச் சும்மா சாத்தி வைக்கும்.”

“தாழ்ப்பாள்?”

“ஆம்பிளை வெளியே இருக்கையில போடக் கூடாது மதர். எங்க வழக்கம் அது. எந்நேரம் வந்தாலும், எந்தக் கோலத்துல வந்தாலும், தள்ளினா திறக்கணும்.”

“உங்கம்மாவுக்கு முன்பல் எத்தனை?”

ஜெசிந்தா, அப்பா உடைத்தது போக மீதியை எண்ணத் தொடங்கி, நிறுத்தினாள்.

பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டு சொன்னாள்: “நான் பிள்ளையைப் பத்தில்ல கேட்டேன்?”

“நானும் பிள்ளையைப் பத்தித்தான் பேசுறேன்.”

மதர் நூல் முனையை நாவில் நனைத்து அடுத்த மணியைக் கோத்தார்.

அன்று சாயங்காலம் படகுகள் கரை சேர்ந்தன.

எட்டு மணிக்கு ரெஜிஸின் குரல் தெருமுனையில் திரும்பியது. அவள் பேரைச் சொல்லி, அவள் அம்மா பேரைச் சொல்லி, பிறகு பேரல்லாத எதையெதையோ சொல்லிக்கொண்டு வந்தது.

ஜெசிந்தா சோற்றை மூடினாள். கதவைச் சாத்தினாள்.

வழக்கம்போல் கை கீழே இறங்கப் பார்த்தது.

பாயில் இனிகோ தூங்காமல் இருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, ரெஜிஸ் வீட்டில் இருந்த ராத்திரிகளிலும், யாரும் தொடாத தாழ்ப்பாள். துருவேறி இறுகியிருந்தது. ஒரு கைக்கு அசையவில்லை.

இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள்.

தாழ் விழுந்தது.