ஈசானிய மூலைத் தண்ணீர்

மிராசுதார் வைத்தியலிங்கம் புது வீட்டுச் சமையல்கட்டை மூலை பார்த்துக் கட்டியிருந்தார். அடுப்பு அக்கினி மூலை, தண்ணீர்த் தொட்டி ஈசானிய மூலை, அம்மி வாயு மூலை. ஒரு குழம்பு வைப்பதற்குள் சமையல்காரி தையல்நாயகிக்கு முழங்கால் கழன்றுவிடும்.

தொட்டியையாவது அடுப்புப் பக்கம் மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள்.

"நடந்தா உடம்புக்கு நல்லது. முடியலைன்னா சொல்லு, வேற ஆள் பார்க்கிறேன்" என்றார் அவர்.

மறுநாள் மத்தியானம் கூடத்தில் அவருக்கு இலை போட்டிருந்தது. இலையில் வெறும் சோறு. குழம்பு கூடத்தின் ஒரு மூலையில், பொரியல் ஒரு மூலையில், அப்பளம் ஒரு மூலையில்.

"என்ன இது?"

"சமையல்கட்டு மாதிரியே இங்கயும் மூலை பார்த்து வெச்சேன் ஐயா."

தான் பார்த்த மூலையைத் தானே எப்படிக் குறை சொல்வது? எழுந்து போய்க் குழம்பை எடுத்து வந்து ஊற்றிக்கொண்டார். முதல் கவளத்திலேயே புரையேறியது. கண்ணில் நீர் முட்ட, "தண்ணி" என்று கையை நீட்டினார்.

"ஈசானிய மூலையில இருக்கு ஐயா. நடந்தா உடம்புக்கு நல்லது."

சாயங்காலமே கொத்தனார் வந்து அடுப்புக்குப் பக்கத்தில் தொட்டி கட்டினார்.

"எப்படி என் யோசனை?" என்றார் மிராசுதார்.

சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்த தையல்நாயகி எழுந்திருக்கவில்லை. "உங்களுக்குத்தான் ஐயா இதெல்லாம் தோணும்" என்றாள்.