துரைக்கண்ணு நகல் வாங்கப் போன கதை

மொட்டையன்வயல்காரர்களிடம் எதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதே இல்லை. முதல் தடவை என்ன சொன்னீர்களோ அதை அட்சரம் பிசகாமல் செய்துவிட்டு வந்து நிற்பார்கள். அந்தப் பயத்திலேயே சுற்றுவட்டாரத்தில் யாரும் அவர்களிடம் எதுவும் சொல்வதில்லை.

அந்த ஊரில் துரைக்கண்ணு என்று ஒருவன். வயது நாற்பத்தொன்று. ஆறு வருஷத்துக்கு முன்னால் டவுன் குடும்ப நல கோர்ட்டில் அவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் விவாகரத்து ஆனது. அன்றைக்குக் கோர்ட்டு வாசல் தூணைத் தொட்டு, அவள் பேரைக் கடைசியாக ஒரு தடவை சொல்லி, "இனிமே இந்தப் பேரை என் வாயால சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் படி இறங்கினான். வக்கீல் தீர்ப்புக் காகிதத்தைக் கையில் கொடுத்து, "தண்ணி படாத இடமாப் பார்த்து வைப்பா" என்றார். துரைக்கண்ணு ரொம்ப யோசித்து, ஊர்க் கண்மாய்க்கு நட்ட நடுவில் குழி தோண்டி வைத்தான். அதற்கு முந்தின மூன்று வருஷமாக அங்கே ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்லை.

மறுவருஷம் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது.

இப்போது அவனுக்கு இன்னொரு கல்யாணம். பக்கத்து ஊரில் தையல்கடை வைத்திருக்கும் டெய்லரம்மாதான் பொண்ணு. கிழிந்த சட்டையைத் தைக்கப் போனவன், பிறகு நல்ல சட்டையையும் கிழித்துக்கொண்டு போக ஆரம்பித்தான். ஒன்பதாவது சட்டையில் நிச்சயமானது. ஒருநாளும் அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் "டெய்லரம்மா"தான். மரியாதை தெரிந்த மனுஷன் என்று அவளுக்கு அதில் ஒரு பெருமை.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். கோயிலில் பதியப் போனால் அங்கிருந்த கிளார்க், "விவாகரத்துத் தீர்ப்போட நகல் வேணும். கோர்ட்டுல சீல் வெச்சுக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்துலயும் சீல் இருக்கணும். இல்லேன்னா பதிய மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

டெய்லரம்மா துரைக்கண்ணுவை ஓரமாகக் கூப்பிட்டாள். "இந்தாங்க, வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அந்தக் காகிதம் வரணும். வரலேன்னா எங்க அண்ணன் திருப்பூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

"யாரை?"

"என்னைத்தான்."

துரைக்கண்ணு கணக்குப் போட்டுப் பார்த்தான். திருப்பூருக்குப் போய் ஒவ்வொரு தடவையும் சட்டை கிழிக்க முடியுமா?

திங்கட்கிழமை காலையிலேயே கிளம்பினான். துணைக்குப் பங்காளி மயிலேறியும் வேலாண்டி மாமாவும். மாமா கோர்ட்டு அனுபவம் உள்ளவர். முன்பு ஒரு தடவை வழி தெரியாமல் உள்ளே போய்விட்டு, வெளியே வர வழி தெரியாமல் ஒரு நாள் முழுக்க உள்ளேயே இருந்தவர்.

வாசல் பலகையை மாமா எழுத்துக் கூட்டிப் படித்தார். "குடும்ப... நல... நீதிமன்றம். மாப்ளே, குடும்பத்துல எல்லாரும் நலமா இருந்தாத்தான் உள்ள விடுவாய்ங்க போல."

"உனக்குச் சளி பிடிச்சிருக்கே மாமா" என்றான் மயிலேறி.

மாமா வாசலிலேயே நின்றுகொண்டார். தும்மல் வராத சமயமாகப் பார்த்து ஓடி உள்ளே வந்தார்.

நகல் பிரிவு ஜன்னலில் ஒரு கண்ணாடி போட்ட அம்மா. "கேஸ் நம்பர் என்ன?"

"தெரியாதும்மா."

"எந்த வருஷம்?"

"கண்மாய் மறுகால் பாஞ்சதுக்கு மொத வருஷம்."

"எந்தக் கண்மாய்?"

"எங்க கண்மாய்."

அந்த அம்மா பேனாவை மூடிவிட்டார். "நம்பர் இல்லேன்னா முதல்ல ஒரு தேடல் மனு போடுங்க. அப்புறம்தான் நகல்."

மூன்று பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"தேடல் மனுன்னா என்னடா?" என்றார் மாமா.

"பேர்லயே இருக்கே மாமா. தேடிக் கண்டுபிடிக்கிற மனு" என்றான் மயிலேறி. "நேரா கையில கொடுத்துட்டா அவுக எப்படித் தேடுவாக?"

"போடச் சொன்னாங்களே?"

"போடணும்தான். எங்க போட்டோம்னு மட்டும் சொல்லக் கூடாது."

துரைக்கண்ணுவுக்குப் பங்காளியின் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஒரு மணி நேரம் வியர்த்து மனுவை எழுதினான். மயிலேறி அதை வாங்கிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிப் போய், வெறுங்கையோடு வந்தான். மூவரும் ஜன்னலுக்கு எதிரில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

மதியம் தாண்டி அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, மனு போடலையா?"

"அப்பவே போட்டாச்சும்மா."

"எங்க?"

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "நீங்கதாம்மா தேடணும்" என்றான் துரைக்கண்ணு, ஆசையாக.

வாட்ச்மேன் வந்து போட்ட சத்தத்தில் மயிலேறி மனுவை எடுக்க ஓடினான். சாயங்காலம்வரைக்கும் தேடினான். "அம்புட்டு நல்லா ஒளிச்சிருக்கேன் பங்காளி, எனக்கே கிடைக்கல" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தான்.

செவ்வாய்க்கிழமை வேறு மனு எழுதி, கையிலேயே கொடுத்தார்கள்.

"எதிர்மனுதாரர்னு எழுதி, பக்கத்துல காலியா விட்டிருக்கீங்களே. எதிர்மனுதாரர் யாரு?"

"எதிர்லதாம்மா இருக்காங்க" என்று துரைக்கண்ணு கையை நீட்டினான்.

"அங்க சர்பத் கடையில்ல இருக்கு?"

"கடைக்காரவுகதான்."

உண்மைதான். அவனுடைய பழைய பெண்டாட்டி இரண்டு வருஷம் வாய்தாவுக்கு வந்து போனபோது, அந்தத் தெருவில் வாய்க்கு நல்லதாக ஒரு சர்பத் கிடைக்காததைக் கவனித்து வைத்திருந்தாள். தீர்ப்பு வந்த மறுமாதம் கடை போட்டுவிட்டாள்.

"சரி, அவங்க பேரு?"

துரைக்கண்ணு வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

"பேரைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கான் தாயி" என்றார் மாமா.

"அப்ப நீங்க சொல்லுங்க."

"நான் என்னத்தக் கண்டேன். 'ஏ புள்ள'ன்னுதான் கூப்பிடுவேன்."

"எனக்கு அவுக மதினி" என்றான் மயிலேறி. அதற்கு மேல் ஒரு பேர் இருக்கக்கூடும் என்று அவன் நினைத்ததே இல்லை.

ரோட்டைத் தாண்டிப் போனார்கள். மூவரும் வரிசையாக வருவதைப் பார்த்ததும் கடைக்காரி கரண்டியைக் கையில் எடுத்தாள். "வாங்க. மூணு சர்பத்தா, மூணு அடியா?"

"கோர்ட்டுல வந்து உன் பேரைச் சொல்லணும்" என்றான் துரைக்கண்ணு, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஏன், உன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சத்தியம் பண்ணேன்ல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அட கிறுக்கா. ஆறு வருஷமா அதைக் காப்பாத்திக்கிட்டா திரியுற? சரி, இப்ப எதுக்கு நகல்?"

"மறுகல்யாணம்."

"யாரு அந்தப் புண்ணியவதி?"

துரைக்கண்ணு வாயைத் திறந்தான், மூடினான். "டெய்லரு."

"நல்லது. கிழிஞ்சதைத் தைக்கத் தெரிஞ்சவதான் உனக்குச் சரி."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஜன்னலில் பேரைச் சொன்னாள். கேட்காமலே கேஸ் நம்பரையும் வருஷத்தையும் சொன்னாள். "இந்தக் கூட்டத்துகிட்ட இருந்து தப்பிச்ச நம்பராச்சே, மறக்குமா?"

அந்த அம்மாவுக்கே மனசு இளகிவிட்டது. "சீக்கிரமே எடுத்துத் தரேன். தயாரானதும் லிஸ்டு ஒட்டுவோம். நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கிட்டே இருங்க" என்றார்.

அந்தப் பொறுப்பை மாமா ஏற்றார். புதன்கிழமை காலை போர்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர், கண்ணை எடுக்கவே இல்லை. மயிலேறிதான் தயிர்சாதம் ஊட்டிவிட்டான். குறுக்கே வந்தவர்களையெல்லாம் மாமா கையால் விலக்கினார். வியாழக்கிழமையும் வந்து உட்கார்ந்தார். மதியமாயிற்று. துரைக்கண்ணுவுக்குத் திருப்பூர் பஸ்ஸின் ஹாரன் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஜன்னலுக்கு ஓடினான்.

"நேத்துக் காலையிலயே லிஸ்டு ஒட்டியாச்சே!" என்றார் அந்த அம்மா.

"ஒட்டுனதைப் பார்த்தேன் தாயி" என்றார் மாமா, பார்வையைத் திருப்பாமலே. "நல்லா பசை தடவி ஒட்டுனாக."

"பேரு இருந்துச்சே, படிக்கலையா?"

"பாக்கத்தானே சொன்னீக?"

மூன்று மணிக்கு நகல் கைக்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஊதா மையில் வட்டமாகச் சீல். முகப்பில் "உண்மை நகல்" என்று போட்டிருந்தது. பஸ்ஸில் அதற்கு மயிலேறி விளக்கம் சொன்னான். "அசலு அதோட இடத்துல பத்திரமா இருக்கும் பங்காளி. அதே பேர்ல இன்னொண்ணு வரும் பாரு, அதான் நகலு. பக்கத்துக்குப் பக்கம் சீல் குத்திட்டா அது உண்மை நகலு."

கோயிலுக்குள் நுழையும்போது மணி ஐந்து. டெய்லரம்மா பட்டுப்புடவைப் பையோடு நின்றாள். அவள் அண்ணன் திருப்பூர்ப் பெட்டியோடு நின்றார். கிளார்க் நகலைப் புரட்டிப் பார்த்து, "எல்லாப் பக்கத்துலயும் சீல் இருக்கு" என்று தலையாட்டினார். துரைக்கண்ணுவுக்கு நாலு நாளில் அப்போதுதான் மூச்சு வந்தது. கிளார்க் பதிவேட்டைத் திறந்தார். "பொண்ணு பேரு?"

துரைக்கண்ணு வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

டெய்லரம்மாவின் முகம் மாறியது. "என்னங்க, என் பேரு தெரியாதா உங்களுக்கு?"

தெரியும் என்று தலையாட்டினான். சொல்ல மாட்டேன் என்றும் தலையாட்டினான்.

அவள் அண்ணன் பெட்டியைத் தூக்கினார். அவளே மேஜைப் பக்கம் திரும்பி, "எழுதுங்க சார். பஞ்சவர்ணம்" என்றாள்.

கிளார்க்கின் பேனா நின்றது. நகலை மறுபடி பார்த்தார். "துரைக்கண்ணு, பஞ்சவர்ணம் கல்யாணம் ரத்துன்னு இதுல இருக்கு. இப்ப மறுபடியும் துரைக்கண்ணு, பஞ்சவர்ணமா? ஏன்யா, அதே பொண்ணா?"

மயிலேறி எழுந்து நின்றான். "இல்ல சார். அசலு கோர்ட்டுக்கு எதிர்ல சர்பத் கடையில இருக்கு. இது நகலு."

அந்தப் பேரைச் சொல்ல மாட்டேன் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டு வாசலில் பண்ணின சத்தியத்தை மாமா டெய்லரம்மாவுக்கு எடுத்துச் சொன்னார்.

"அப்ப சீல் எங்கடா?" என்றார் மாமா, கவலையாக. "ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்கணும்னு சார்தானே சொன்னாரு?"

துரைக்கண்ணு ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மேஜைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து மைப்பெட்டியில் ஒத்தினான். டெய்லரம்மாவின் முன்னால் போய் நின்றான். "ரெண்டே பக்கந்தான் டெய்லரம்மா."

அவள் அவனைப் பார்த்தாள். சொன்ன ஒரு சொல்லுக்காக ஆறு வருஷம் வாயைக் கட்டிக்கொண்ட மனுஷன், வியர்த்து வடிய நின்றான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணனைப் பார்த்து, "பெட்டியைக் கீழ வைண்ணே" என்றாள். பிறகு கன்னத்தைத் திருப்பினாள். "வலது பக்கம் மொதல்ல. மை வழியாம குத்துங்க."

கோயில் மை சோப்புக்கும் போகாத மை. கல்யாண போட்டோவில் பொண்ணுக்கு இரண்டு கன்னத்திலும் ஊதா நிறத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் எழுத்து புரியும்: "செயல் அலுவலர்".

அதைப் படித்த நாளிலிருந்து மொட்டையன்வயல்காரர்கள் தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணி வரவில்லை என்றாலும் மனுவைத் தையல்கடைக்குத்தான் கொண்டுபோகிறார்கள். கையில் கொடுப்பதில்லை. துணி மூட்டைக்குள் எங்காவது போட்டுவிட்டு, எதிரில் வரிசையாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.