சலோமியின் ஃபோல்டர்

யாழினி கம்ப்யூட்டர் டீச்சர். ஜெபமலருக்கு மகள் வயது. ஆனாலும் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து, தமிழ் டீச்சர் ஜெபமலர் அவளைக் குருவே என்றுதான் கூப்பிடுவார்.

அன்று அந்தக் குரலில் கேலி இல்லை.

"குருவே, எனக்கு ஒண்ணுமே புரியல. பத்தாங்கிளாஸ் சலோமி இனிமே பள்ளிக்கூடம் வரமாட்டாளாம். அவ அம்மாகூட பீடி சுத்தப் போறாளாம்."

"ஏனாம்?"

"நேத்து அவ ஃபோல்டரத் திறந்து, பாரு எப்படி வச்சிருக்கேன்னு காட்டினேன். பாத்துட்டு, 'பரீட்சையும் நீங்களே எழுதிருங்க டீச்சர்'ங்கிறா. ஜெபத்துல உக்காந்தாலும் அவ முகந்தான் வருது. நான் என்ன குறை வச்சேன்?"

அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர். வருஷம் முழுக்க எழுதியது, வரைந்தது, பேசியது எல்லாம் அதில் சேரும். தான் வளர்ந்ததைத் தானே பார்த்தால் படிக்க ஆசை வரும் என்று செய்த ஏற்பாடு.

யாழினி சலோமியின் ஃபோல்டரைத் திறந்தாள். 'என் அம்மா' என்று ஒரு கட்டுரை. 'அன்னை என்பவள் அன்பின் திருவுருவம்' என்று தொடங்கியது.

"இது சலோமி எழுதினதா?"

"அவ போட்டதுதான். ஒரே பிழையா இருந்துச்சு. நாலு பேர் பாக்குற இடமாச்சேன்னு திருத்திட்டேன். எல்லாப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான், கண்ணு வலிக்க உக்காந்து செய்றேன். ஓரத்துல ஒரு பூப்படம் வச்சா அவளுக்குப் பிடிக்குமோ?"

யாழினி கட்டுரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

"அவ முதல்ல போட்டது எங்க டீச்சர்?"

"அதுமேலயே எழுதிட்டேனே. போயிருக்கும்."

"போகாது. பழசையும் கம்ப்யூட்டர் வச்சிருக்கும்."

யாழினி ஓர் இடத்தில் அழுத்தினாள். பழைய பக்கம் வந்து நின்றது. ஜெபமலர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

'எங்கம்மா கைல பீடி எல வாசம் அடிக்கும். நான் படிச்சு வேலக்கி போனா அம்மா பீடி சுத்த வேண்டாம். வாசமும் போயிரும். அப்பறம் கரண்டு போனா எங்கம்மாவ எப்டி கண்டுபுடிப்பேன்.'

ஜெபமலர் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"இத இப்படியே வச்சா," என்றார் மெதுவாக, "பிள்ளைக்கு வெக்கமா இருக்காதா?"

"எழுதும்போது அவளுக்கு வெக்கமா இல்லையே, டீச்சர்."