குந்துமணி எடை குறையாமல்

கீழ்மாத்தூர் ஜமீன்தாரின் வெள்ளிப்பிடிக் கத்தி மாம்பழத்தை நசுக்கியதே தவிர நறுக்கவில்லை. தெருவில் போன சாணைக்காரி சடைச்சியைக் கூப்பிட்டார்.

"கூர் ஏறணும். ஆனா குந்துமணி எடைகூடக் குறையக் கூடாது. குறைஞ்சா உன் சாணைச் சக்கரம் எனக்கு!"

ஊர்த் தட்டானை வரவழைத்து, அவர் தராசில் கத்தியை நிறுத்தார்கள். சாணை பிடித்தால் இரும்பு தேயாமல் இருக்குமா? சுற்றி நின்ற வேலையாட்கள் குனிந்தபடியே சிரித்தார்கள்.

சடைச்சி கத்தியின் விளிம்பை நகத்தில் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். சக்கரத்தை ஓரமாகத் தள்ளினாள்.

"சாமி, உங்க தோல் செருப்புல ஒண்ணைக் கழட்டிக் குடுங்க."

எல்லோரும் திகைத்தார்கள். சக்கரம் எங்கே போய்விடப்போகிறது என்று ஜமீன்தார் கழற்றிக் கொடுத்தார். வழுவழுப்பான அந்தத் தோலில் கத்தியை இப்படியும் அப்படியும் திருப்பி இருபது இழுப்பு இழுத்தாள். தராசில் வைத்தார்கள், முள் அசையவில்லை. மாம்பழத்தில் வைத்தார்கள், வெண்ணெயாய் இறங்கியது.

"என்னடி மாயம் இது?" என்றார் ஒற்றைச் செருப்போடு நின்ற ஜமீன்தார்.

"மாயமில்லீங்க சாமி. கத்தி தேயவே இல்ல. விளிம்பு மடங்கிக் குனிஞ்சு நின்னுச்சு, நிமித்தி விட்டேன். இந்த வீட்டுல இருந்து இருந்து அதுக்கும் அப்படியே பழகிடுச்சு போல."

தராசு பிடித்திருந்த தட்டான், தன்னை அறியாமல் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.