தலையில் கோடு போட்ட எழுத்துகள்

குரு என்றதும் உங்களுக்குத் தாடியும் மரத்தடியும் நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் செலஸ்தீன். புதுச்சேரியில் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துத் தரும் சின்ன அலுவலகம் ஒன்றை நடத்துகிறாள். சீடர் காசிலிங்கம், முப்பது வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வுபெற்றவர். கல்லூரியில் படித்த பிரெஞ்சு முழுசாக மறந்துபோவதற்குள் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்று அவளிடம் வந்து சேர்ந்தார்.

முதல் வாரமே அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது.

பிரெஞ்சில் சில எழுத்துகளுக்குத் தலையில் கோடு உண்டு. சிலவற்றுக்குக் கூரை. ஒன்றுக்கு வால்கூட உண்டு. நம் ஊரில் இருப்பதோ ஆங்கிலக் கீபோர்டு, அதில் இவை எதுவும் கிடையாது. அதனால் செலஸ்தீன் கம்ப்யூட்டரில் பழைய கடிதம் ஒன்றைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்வாள். é வேண்டுமென்றால் அந்தக் கடிதத்தில் கோடை என்று பொருள்படும் வார்த்தைக்குப் போய், அங்கிருந்து அதை நகலெடுத்து வந்து சான்றிதழில் ஒட்டுவாள். è வேண்டுமென்றால் அம்மா என்ற வார்த்தை. கூரை போட்ட ê வேண்டுமென்றால் திருவிழா. வால் வைத்த ç வேண்டுமென்றால் 'கிடைத்தது' என்ற வார்த்தை. ஒரு சான்றிதழுக்கு முப்பது தடவையாவது இப்படிப் போய்வருவாள்.

நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடித்த மனிதருக்கு இதைப் பார்க்கப் பொறுக்குமா?

"மதாம்" என்றார் காசிலிங்கம். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஆல்ட் கீயை அழுத்திக்கிட்டு நூத்திமுப்பது அடிச்சா é வந்துடுதே."

"வரும்."

"è-க்கு நூத்திமுப்பத்தெட்டு."

"ç-க்கு நூத்திமுப்பத்தஞ்சு. ê-க்கு நூத்திமுப்பத்தாறு" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரிஞ்சுமா இப்படிச் செய்றீங்க?"

"நீங்க நம்பர் போட்டே அடிங்க சார். எனக்கு இது பழகிடுச்சு."

காசிலிங்கத்துக்குத் தெரியாததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது அவள் அண்ணன் எழுதிய கடிதம். அண்ணன் பெயர் கஸ்தோன். அந்த அலுவலகத்தைத் தொடங்கியவனும், அவளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பாரிசுக்கு வேலைக்குப் போனான்.

போன மறுமாதம் அவள் போன் செய்து, "அண்ணா, கோடு போட்ட எழுத்தெல்லாம் எப்படி அடிக்கறதுன்னு சொல்லித்தராமலே போயிட்டியே!" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு கடுதாசி அனுப்பறேன். எல்லா எழுத்தும் அதுல இருக்கும், எடுத்துக்கோ. நம்பரெல்லாம் ஊருக்கு வந்து சொல்லித்தரேன்."

கடிதம் மெயிலில் வந்தது, அவள் அதைக் கம்ப்யூட்டரில் சேமித்துக்கொண்டாள். அவன் வரவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே நெஞ்சுவலியில் போய்விட்டான். எண்களை அவள் பிறகு வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆனாலும் கடிதத்துக்குப் போவதை விடவில்லை. அப்படி லேசில் விட்டுவிட முடியுமா என்ன?

ஒரு சனிக்கிழமை செலஸ்தீன் காரைக்காலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அலுவலகத்தில் காசிலிங்கம் மட்டும். குருவுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கடிதத்தைத் திறந்தார். அம்மா, கோடை, திருவிழா என்று வார்த்தைகள் கண்ணில் பட்டன. கீழே கஸ்தோன் என்று பெயர். மதாமின் அண்ணன் ஒருவர் இறந்துபோனார் என்பது அவருக்குத் தெரியும், பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. கல்லூரிப் பாடப்புத்தகத்தில் வருகிற மாதிரிக் கடிதம் என்று நினைத்துக்கொண்டார். அதில் வருகிறவர்களுக்கு இப்படித்தானே பெயர் வைப்பார்கள்?

வேண்டாத வார்த்தைகளை எல்லாம் நீக்கினார். கோடும் கூரையும் வாலும் வைத்த எழுத்துகளில் வகைக்கு ஒன்றை மட்டும் எடுத்து, பெரிதாக்கி, ஒரே வரிசையில் வைத்தார். அதே பெயரில் சேமித்தார். அடித்தல் திருத்தல் இல்லாமல் காகிதம் கொடுத்தே பழகியவர், எதையும் அரைகுறையாக விட அவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை செலஸ்தீன் கடிதத்தைத் திறந்தாள்.

"சார், இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"எடுத்துட்டேன் மதாம். எழுத்து மட்டும் இருக்கு. இனிமே நீங்க தேடவே வேணாம்." அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

அவள் பக்கத்தைக் கடைசிவரை நகர்த்திப் பார்த்தாள்.

"அது எங்க அண்ணன் எழுதினது சார்."

காசிலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"வேற காப்பி இருக்குமே மதாம்?"

"இல்ல."

"மெயில்ல?"

"அந்த அக்கவுண்டு மூடி ஏழெட்டு வருஷமாச்சு. பிரிண்டும் எடுத்து வைக்கல."

பேரன் பேத்தி எடுத்த மனிதர், திட்டு வாங்கக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். திட்டு வரவில்லை. வந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் நாளையிலேருந்து வரல மதாம். எனக்கு எதுக்கு இந்த வேலை?"

"உக்காருங்க சார்" என்றாள் அவள். "பக்கத்துல உக்காருங்க."

கீபோர்டை அருகே இழுத்தாள். இடது கையால் ஆல்ட்டை அழுத்தி, வலது கையால் எண்களைத் தட்டினாள். அவள் அப்படி அடித்து அவர் பார்த்தது அன்றைக்குத்தான். பிரெஞ்சில் வரிகள் ஒவ்வொன்றாக வந்தன.

'இங்கே கோடை என்று ஒன்று வருமாம். நான் இன்னும் பார்க்கவில்லை.'

'அம்மா மாத்திரை போட மறந்தால் என் பெயரைச் சொல்லித் திட்டு.'

'நீ அனுப்பிய வடாம் கிடைத்தது. பாதி நொறுங்கிவிட்டது. நொறுங்கியதையும் விடவில்லை.'

'மாதா கோவில் திருவிழாவுக்கு லீவு கேட்டிருக்கிறேன்.'

காசிலிங்கம் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போன உயிர் திரும்பி வந்ததுபோல மூச்சு விட்டார்.

"அப்படியே வந்துடுச்சே மதாம்! எல்லாம் மனப்பாடமா வச்சிருக்கீங்களே!"

அவள் இரண்டு வரி இடம் விட்டு, கீழே கஸ்தோன் என்று அடித்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நடுவுல இடம் விட்டிருக்கீங்க?"

"அங்க ரெண்டு வரி இருந்துச்சு."

"என்ன எழுதியிருந்தார்?"

செலஸ்தீன் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடுதாசி வந்த அன்னிக்கு ஒரு தடவை படிச்சேன். கோடு போட்ட எழுத்து ஒண்ணுகூட அந்த ரெண்டு வரியில இல்ல சார். அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகவே இல்ல."